கறுப்புச் சட்டை போட்ட மருந்து

ஊசி குத்துவதற்குக் காளியம்மாள் உடனே கையை நீட்டிவிட மாட்டாள். "இரும்மா, பேசி முடிச்சுக்குவோம்" என்பாள். இன்றைக்கு எத்தனை பாட்டில், எத்தனை மணி நேரம், கஞ்சிக்கு நார்த்தங்காய் உண்டா, எல்லாம் நர்ஸ் நஃபீசா வாயால் வந்தாக வேண்டும். வந்த பிறகு முந்தானையை வரிந்து இடுப்பில் செருகுவாள். அப்புறம்தான் கை நீளும்.

மன்னார்குடிப் பக்கம் நடவுப் பெண்கள் முப்பது பேருக்கும் கூலி பேசுகிறவள் அவள்தான். பேச்சு முடியாமல் வரப்பைவிட்டு இறங்கியதே கிடையாது. முடிந்தால் அதே செருகல், அதே நொடி சேற்றில் கால்.

குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தபோது, வயல் சேறு என்று ஒரு வருஷம் செங்கல்லால் தேய்த்தாள். தோலில் வந்த புற்றுநோய் என்று டாக்டர் வெட்டி எடுத்தார். அதற்குள் அது தொடையிடுக்கில் ஏறி எலுமிச்சை அளவு கட்டியாகிவிட்டது. இருபத்தொரு நாளுக்கு ஒரு தவணை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மருந்து ஏற்றுகிறார்கள்.

வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம் அந்த மருந்து. பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றித்தான் தொங்கவிடுவார்கள். "கறுப்புச் சட்டைக்காரரு வந்துட்டாரு" என்பாள் பக்கத்துக் கட்டில்காரியிடம். வாந்தி எடுத்து நிமிர்ந்ததும், "உள்ள போய்க் கூட்டம் போடுறாரு. சும்மா இருப்பாரா?" என்பாள். மூன்று தவணையில் கட்டி கொட்டைப்பாக்காகச் சுருங்கியிருந்தது.

நாலாம் தவணை குறுவை நடவோடு வந்து மோதியது. "ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கலாங்களா?" என்று டாக்டரிடமே பேரம் பேசினாள்.

"அந்தக் கட்டி தள்ளி வெச்சுக்காதும்மா" என்றார் அவர்.

முதல்முறையாகத் தோற்றுப்போய் வந்து படுத்தாள். தான் இல்லாத சாக்கில் மிராசுதார் இராஜாங்கம் பழைய கூலிக்கே நடவை முடித்துவிடுவாரே என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மூன்றாம் நாள் இராஜாங்கமே வார்டுக்குள் வந்து கட்டிலருகே நின்றார்.

"என்னங்க ஐயா, உடம்புக்கு முடியலிங்களா?"

"எனக்கென்ன. நாத்துதான் முத்துது. காளியம்மா சொல்லாம இறங்க மாட்டோம்னு வரப்புல குந்தியிருக்காளுவ. வெளியூர் ஆளை இறக்கினா சங்கத்துக்காரன் கொடி நட்டுடுவான். கூலி நெல்லு அரை மரக்கால் கூட்டித் தரேன்."

"ஒரு மரக்கால்."

"நோயாளி பேசுற பேச்சா இது?"

"நோவு குதிகால்லதானே வந்துச்சு. வாயில வரலிங்களே."

நஃபீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. காளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்புத் தாளுக்குள்ளிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாட்டில் பாதியானபோது இராஜாங்கம், "சரி, ஒண்ணு" என்றார்.

ஊசி ஏறியிருந்த இடக்கையை அசைக்காமல், வலக்கையால் மட்டும் முந்தானையை இழுத்து, வரிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள் காளியம்மாள்.