சமயபுரம் வழியா போலாம்

ரேவதி அந்த ஹைபிரிட் காரை வாங்காமல் போனதற்குக் காரணம் நான்தான். விலை இல்லை, அவள் கணவர் இல்லை, ஷோரூம்காரர்கள் இல்லை... நான்! பொறாமையில் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

அந்த எண்ணம் எனக்குள் விழுந்த கணம் இன்னும் அப்படியே இருக்கிறது. திருச்சி பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷோரூம் வாசல். டெஸ்ட் டிரைவுக்கென்று கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த நீல நிற வண்டி. ரேவதிக்குப் பழகாத வண்டியை ஓட்டப் பயம். அதனால் சாவி என்னிடம் வந்தது. விற்பனைப் பெண் கோமதி பின் கதவைத் திறந்துகொண்டே, “எந்தப் பக்கம் போலாம் மேடம்? டவுனுக்குள்ளயா, ஹைவேயா?” என்று கேட்டாள்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். “சமயபுரம் வழியா போலாம்,” என்றேன்.

ரேவதியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! “ஆமா டி மதி! ஆத்தாளைப் பாக்காம எங்க வீட்ல வண்டியே எடுக்க மாட்டாங்க. எனக்குத் தோணல பாரு, உனக்குத் தோணுது!”

எனக்கு ஏன் தோன்றியது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஹைபிரிட் என்பது பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த, நெரிசலுக்கென்றே பிறந்த வண்டி. ஊர்ந்து போகும்போது என்ஜின் அணைந்துவிடும். பேட்டரி இழுத்துக்கொண்டு போகும். பிரேக் மிதிக்க மிதிக்க அந்த பேட்டரிக்குத் தீனி கிடைக்கும். பிளக்கில் மாட்டிச் சார்ஜ் போடும் வேலையே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பெட்ரோல் வண்டி நின்றபடியே எண்ணெய் குடிக்கும்; இது வாயை மூடிக்கொண்டு நிற்கும். ஆனால் அதே வண்டியை அகன்ற சாலையில் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய்ப் பாருங்கள்... பேட்டரிக்கு வேலை குறைவு. என்ஜின்தான் முழுக்க உழைக்கும். கொடுத்த கூடுதல் விலைக்கு அங்கே பெரிதாக அர்த்தம் தெரியாது.

ரேவதி தினமும் போவது எங்கே? ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி, ஊரைக் குறுக்கே கடந்து, தஞ்சாவூர் சாலை நெரிசலில் சிக்கிக் காட்டூர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வண்டியைச் செய்தவர்கள் அவளை மனதில் வைத்துத்தான் செய்தார்களோ என்று நினைக்கத் தோன்றும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் சமயபுரம் போகும் அகன்ற சாலையைத் தேர்ந்தெடுத்தேன். மாரியம்மனை முன்னால் நிறுத்தி, பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஏன்? அதைத்தானே கேட்கிறீர்கள்?

நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரே அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். கல்லூரியில் ஆரம்பித்த சிநேகம். அவள் கணிதம், நான் மெக்கானிக்கல். என் வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தோம். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இன்று வீட்டிலிருந்தபடி ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கார்ப் பித்து மட்டும் போகவில்லை. அந்த நீல வண்டி அறிமுகமான நாளிலிருந்து என் கைபேசியின் முகப்பில் அதுதான். அதைப் பற்றி வந்த வீடியோ ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. கீழே பார்க்கிங்கில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. அதில் என் ஸ்கூட்டர் ஓரமாக, மீதி இடத்தை வெறுமையாக விட்டு நிற்கும். அந்த வெறுமையை நான் மனதில் நீல நிறத்தால் நிரப்பி வைத்திருந்தேன்.

பக்கத்து இடம் ரேவதியுடையது.

அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஒரு நாள் போனில், “நல்ல வண்டியா ஒண்ணு எடு. மதியைக் கேட்டுக்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்,” என்று சொல்லிவிட்டாராம். அவள் மாடிப்படி இறங்கி ஓடி வந்தாள். “ஏய், அது என்னடி, நீ போன்ல வச்சிருக்கியே அந்த பேட்டரி காரு... அதையே எடுத்துடவா? கலர் நல்லா இருக்கு!”

கலர் நல்லா இருக்கு! அவ்வளவுதான் அவளுக்கு. அடுத்த கேள்வி என்ன தெரியுமா? “சார்ஜர் எங்கடி மாட்டணும்?”

வயிறு எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விலாவுக்குக் கீழே ஏதோ பற்றிக்கொண்டது போல இருந்தது. வருடக்கணக்காக ஆசைப்பட்டவள் நான். ஆசைப்படவே தெரியாதவளுக்கு அது கிடைக்கப் போகிறது. காலையில் பால் பாக்கெட் எடுக்க இறங்கினால் அது நிற்கும். மாலையில் ஸ்கூட்டரை உள்ளே விட்டால் அது நிற்கும். என் கனவு, இன்னொருத்தியின் பார்க்கிங் கோட்டுக்குள்! அவள் பின் சீட்டில் என்னை உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவாள். நான் “சூப்பர் டி” என்று சொல்ல வேண்டும்...

நல்லவளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இருந்தேனா?

அன்று சமையலறையில் காபி போட்டுக்கொண்டே நன்மை தீமைகளை அலசினோம். அலசினோம் என்பதே தவறு. நான் அலசினேன், அவள் தலையாட்டினாள். நன்மைகளை ஒரே வாக்கியத்தில் விழுங்கிவிட்டேன். குறைகளுக்கு வந்தபோது மட்டும் என் குரலுக்கு ஒரு தனித் தெளிவு வந்தது. விலை அதிகம். டிக்கி சின்னது. உத்தரவாதக் காலம் முடிந்து பேட்டரி போனால் பெரிய செலவு. மறுவிற்பனை எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. இது எதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. அதோடு நிறுத்தினேனா? இல்லை.

“கீழ பார்க்கிங்ல எலி தொல்லை வேற இருக்கு. வயரைக் கடிச்சுதுன்னா?”

“ஐயையோ! எலியா? சாதா வண்டில கடிக்காதா?”

“கடிக்கும். ஆனா இதுல இருக்கறது பெரிய கரண்ட் வயர் டி.”

எலியைக்கூடத் துணைக்கு அழைத்தேன், பாருங்கள்!

அப்படியும் அவளுக்கு ஆசை விடவில்லை. “ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே,” என்றாள். அப்படித்தான் அந்த ஷோரூம் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

போகும் வழியெல்லாம் மிதித்தேன். கொள்ளிடம் பாலத்தில் காற்று கண்ணாடியில் அறைந்தது. ஒரேயடியாக மிதித்தால் அந்த வகை வண்டியில் என்ஜின் ஒரு மாதிரி ஓலமிடும். வேகம் பிறகுதான் வந்து சேரும். “என்னடி இப்படிக் கத்துது?” என்றாள் ரேவதி. “அப்படித்தான் இருக்கும்,” என்றேன். பின்னாலிருந்து கோமதி, “கொஞ்சம் மெதுவா போனீங்கன்னா மேடம்...” என்று ஆரம்பித்தாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். திரையில் மைலேஜ் நான் எதிர்பார்த்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது. ரேவதி அதை எட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா? “இவ்வளவுதானா? இதுக்கா அவ்வளவு விலை?” என்றாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். வழியைத்தானே மாற்றினேன், வாயால் பொய் சொல்லவில்லையே என்று.

ஆனால் சமயபுரம் வந்தது.

கோயில் தெருமுனையில் கோமதி இறங்கினாள். “ஒரு சூடம் ஏத்திட்டு ஓடி வந்துடறேன் மேடம். நீங்க அந்தப் பக்கம் நிறுத்துங்க.” நான் பாட்டை அணைத்துவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிக் கூட்டத்துக்குள் விட்டேன். மஞ்சள் சேலைகள், தீச்சட்டிகள், வளையல் கடைகள், நடுரோட்டில் நின்று செல்ஃபி எடுக்கும் குடும்பம். வண்டி ஊர்ந்தது.

அப்போது என்ஜின் அணைந்தது.

அந்த நிசப்தம்! எத்தனை வீடியோக்களில் கேட்டிருக்கிறேன் அதை... கேட்க முடியாததைக் கேட்டிருக்கிறேன்! அதிர்வு இல்லை, உறுமல் இல்லை. வெளியே உடுக்கைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வண்டி தண்ணீரில் விட்ட படகு போல நகர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தானே இந்த வண்டி! இதுதானே அது!

ரேவதி என் கையைப் பிடித்தாள். “ஏய்... வண்டி நின்னுபோச்சா?”

அவள் கண்களில் பயம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘நிக்கலடி லூசு, இப்ப பேட்டரில போகுது, உன் காட்டூர் ரோட்ல தினமும் இப்படித்தான் போவ’ என்று. நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது!

“ம்... சில நேரம் இப்படித்தான்,” என்றேன்.

“பாலத்து மேல இப்படி நின்னுட்டா?”

முன்னால் வழிமறித்து நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியும் மௌனம், நானும் மௌனம். அதன் மௌனத்தில் களங்கமில்லை.

கோமதி விபூதியோடு திரும்பி வருவதற்குள் ரேவதி மனதை மாற்றிக்கொண்டுவிட்டாள். கோமதி உடனிருந்திருந்தால் அந்த இடத்திலேயே விளக்கியிருப்பாள். திரும்பும் வழியில் பாட்டை மறுபடியும் உரக்க வைத்து, அவளைப் பேச விடாமல் பார்த்துக்கொண்டேன். அம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றப் போன நேரத்தில் அவளுடைய வியாபாரமும் போயிற்று.

ரேவதி வாங்கியது கியர் வைத்த சாதாரண பெட்ரோல் வண்டி. நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்... அவளுக்கு இடது முழங்காலில் பழைய அடி. மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தது. எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவளே நான்தான். ஹைபிரிட்டில் கிளட்ச்சே கிடையாது. இடது காலுக்கு முழு ஓய்வு. “கிளட்ச் மிதிச்சா என் கால் தாங்குமா டி?” என்று அவள் கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? “எக்சர்சைஸ் மாதிரி நினைச்சுக்க.”

சிரித்துக்கொண்டே சொன்னேன்.

புது வண்டிக்குப் பூஜை போட மறுபடியும் சமயபுரம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். “ஒண்ண நீ வைடி, உன்னாலதான் இந்த வண்டி,” என்று ஒரு பழத்தை என் கையில் திணித்தாள். குனிந்து வைத்தேன். சக்கரம் ஏறியது. பழம் நசுங்கிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ... திருஷ்டி கழிந்ததாம்! கண் வைத்தவளே கையால் பழம் வைத்தால் திருஷ்டி எங்கே போகும்?

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். காட்டூர் நெரிசல் அவள் காலைத் தின்றது. மிதி, விடு, மிதி, விடு... சாயங்காலம் பார்க்கிங்கில் வண்டியை அணைத்துவிட்டு உடனே இறங்க மாட்டாள். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருப்பாள். நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

முழங்கால் வீங்கியது. இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் இப்போது உறை போர்த்தி நிற்கிறது. அவள் பஸ்ஸில் போகிறாள். பாதி நாள் நின்றுகொண்டே.

போன வாரம் என் வீட்டு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து சொன்னாள்: “வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன் டி. அவர் லீவுல வரும்போது காரையும் வித்துடலாம். நீ நல்லதுதான் சொன்ன. எனக்குத்தான் குடுத்து வைக்கல.”

நீ நல்லதுதான் சொன்ன! திட்டியிருக்கக் கூடாதா? சந்தேகமாவது பட்டிருக்கக் கூடாதா?

அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடைக்கும், வழிமுறை சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் போடுகிறவள் அவள். என் வழிமுறைக்கு என்ன போடுவாள்?

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். நான் இன்னும் அவ்வளவுதான்.

மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: பொறாமை போய்விடவில்லை. அந்த நீலம் பக்கத்து இடத்தில் நிற்பதாக இப்போது எண்ணிப் பார்த்தாலும் விலாவுக்குக் கீழே அதே நெருப்பு. வெட்கமும் நெருப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். போகவில்லை.

நேற்று கோமதிக்குப் போன் செய்தேன். “வர்ற வெள்ளிக்கிழமை, ஸ்கூல் விடற நேரத்துக்கு அந்த ஹைபிரிட்ட காட்டூருக்குக் கொண்டு வர முடியுமா? அங்கேருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும். ஓட்டப் போறது ரேவதி.”

“அந்த நேரத்துலயா மேடம்? செம டிராபிக்கா இருக்குமே!”

“அதுக்குத்தான்.”

கோமதியை முன் சீட்டில் உட்காரச் சொல்ல மாட்டேன். அங்கே நான்தான் உட்கார வேண்டும். காட்டூரில் ஏறி, தஞ்சாவூர் சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே மாட்டிக்கொள்வோம். என்ஜின் அணையும். அதே நிசப்தம் வரும். ரேவதி பதறிப்போய் என் பக்கம் திரும்பி, “நின்னுபோச்சா டி?” என்று கேட்பாள்.

கோமதி முந்திக்கொண்டு விளக்குவதற்குள் நான் பேசிவிட வேண்டும். சமயபுரத்தில் நாக்கு நுனியில் நின்றுபோனதை, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு காவிரிப் பாலம் வரை நீண்ட வழி... அந்த வண்டியில் ஒளிந்துகொள்ள என்ஜின் சத்தம்கூட இருக்காது.