பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு கதவு

பொதுமக்கள் கூடும் கட்டடத்தில் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஆட்கள் இருக்கும்வரை எதையும் பூட்டக் கூடாது. எந்த வழியையும் பொருள் வைத்து அடைக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். வட்டாட்சியர் உரிமம் தருவதற்கு முன் தீயணைப்புத் துறை நேரில் வந்து பார்த்துத் தடையில்லாச் சான்று தர வேண்டும் என்பதும், அந்தச் சான்றை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம். அரசு அலுவலகத்தில் மனுப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

பொருள் வைத்து அடைக்கக் கூடாது என்று எழுதியவர்களுக்கு, பிள்ளையார் பொருளா இல்லையா என்று ஒருநாள் கேள்வி வரும் எனத் தோன்றியிருக்காது.

அன்னவாசல் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் முகப்பு சாலையைப் பார்த்தது. அதன் பின்கதவு தெற்கே எங்கள் சந்துப் பக்கம் பார்த்தது. சந்தில் கதவுக்கு நேர் எதிரே என் வீடு. மண்டபம் கட்டி முடிந்த சமயத்தில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை என்று உரிமையாளர் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். தெற்கு யமனுடைய திசை, அந்தப் பக்கம் வாசல் இருந்தால் வந்த லட்சுமி போய்விடுவாள் என்று அவர் சொன்னார். கதவைப் பூட்டினார்கள். பூட்டு மட்டும் போதாது என்று உள்பக்கம் கதவை ஒட்டி ஒரு சிமெண்ட் பீடம் கட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்தார்கள். கதவோ உள்பக்கமாகத் திறப்பது. அதன் பிறகு முகூர்த்தங்கள் நிறைய வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டின் பின்போர்ஷனில் ஒருத்தி குடியிருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள். என்னை அக்கா என்பாள், மகள் பெரியம்மா என்பாள். வாடகைக்கு வந்தவள் என்பது இரண்டு பக்கமும் மறந்துபோன உறவு. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். வெயிலைக் காரணம் சொல்லி நான் போகவில்லை. அவள் மட்டும் போனாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சமையல் கொட்டகையில் சிலிண்டர் குழாய் பற்றிக்கொண்டது. அங்கிருந்து மேற்கூரையை மறைத்துக் கட்டியிருந்த துணிக்கும், மேடையின் தெர்மோகோலுக்கும் பரவியது. தீயைவிடப் புகைதான் அதிகம். எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள்.

சந்தில் நான் கேட்டது இரும்புக் கதவை உள்ளிருந்து கைகளால் அடிக்கும் சத்தம். பிறகு குரல்.

"அக்கா, நான்தான். கதவத் தொறங்கக்கா."

பக்கத்து லாரி பட்டறையிலிருந்து ஆட்கள் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தார்கள். தள்ளினோம். கதவு பீடத்தில் முட்டி, ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. அந்த இடைவெளியில் அவள் கை வந்தது. பிடித்துக்கொண்டேன்.

"தள்ளுங்கக்கா. கண்ணு எரியுது."

தள்ளினோம். தீயணைப்பு வண்டி முன்பக்கமாக வந்து, அதன் ஆட்கள் உள்ளே புகுந்து அவளைத் தூக்கும்வரை நான் கையை விடவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே அந்தக் கை என்னைப் பிடிப்பதை விட்டுவிட்டது. உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. இறந்தது அவள் ஒருத்தி மட்டும். ஒருத்தி மட்டும் என்பதால் அது பெரிய விபத்துகளின் வரிசையில் சேரவில்லை.

துக்கம் கேட்க வந்த மண்டப உரிமையாளர் நல்ல மனிதர். உண்மையாகவே அழுதார். போகும்போது ஒன்று கேட்டார்.

"எல்லாரும் முன்னால ஓடுனாங்க மேடம். இவுங்க மட்டும் ஏன் அங்கிட்டுப் போனாங்க?"

அவள் வீடு அங்கிட்டுத்தான் இருந்தது. பயந்தவர்கள் வீட்டைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. விதியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்கு வெள்ளையடித்தார்கள். பீடத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் புகையில் கறுத்திருக்க, பிள்ளையார் மேல் கொஞ்சம் கரி மட்டுமே படிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. தீ தொடாத பிள்ளையார் என்று பெயர் பரவியது. திருமயம் பக்கமிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார்கள். பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டி, இரண்டு பக்கமும் தூண் எழுப்பினார்கள். உடைந்த பூட்டுக்குப் பதிலாகப் புதுப் பூட்டு வந்தது.

நஷ்ட ஈடு என்ற சொல்லை யாரும் எடுக்காமலிருக்க, உரிமையாளர் அவள் மகளுக்கு மண்டபத்திலேயே வேலை கொடுத்தார். முகூர்த்தத் தேதி பதிவு செய்யும் அறையில் உட்கார வேண்டும். அந்த அறை பந்திக் கூடத்தைத் தாண்டிக் கடைசியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அவள் உள்ளே போவாள். நான் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மேளம் அடிக்கும்போது இரும்புக் கதவு லேசாக அதிரும். அது மேளம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய்க் கதவில் கை வைத்துப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று. தெற்கு வெயிலில் அது எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

"பெரியம்மா, பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. நீங்க வீட்டுக்குள்ள போங்க" என்றாள் ஒருநாள்.

"நீ அந்த ரூம மாத்தித் தரச் சொல்லிக் கேளு."

"சோறு போடுறவருகிட்ட அதெல்லாம் கேக்க முடியுமா?"

தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். வண்டி இல்லை. யாரோ ஒருவர் வீட்டு பீரோவுக்குள் சாரைப்பாம்பு. நிலைய அலுவலர் மட்டும் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்தார்.

"குறையெல்லாம் எழுதி நோட்டீஸ் கொடுத்தாச்சு மேடம். தீயணைப்பான் வாங்கி மாட்டிட்டாங்க."

"பாத்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வச்சு மாலை போட்டிருக்காங்க. கதவு?"

அவர் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தீ பிடிச்சா அணைக்க வண்டி இருக்கு, கெணத்துல மாடு விழுந்தா தூக்கக் கயிறு இருக்கு. சாமிய நகத்த எங்கிட்ட ஒண்ணுமில்ல மேடம். நாளைக்கு ரோட்டுல மறியல் பண்ணுவாங்க. மறுநாள் என்னைய எங்கயாவது தூக்கிப் போடுவாங்க."

"சாமிய எடுக்கச் சொல்லலையே. கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும், வழி விட்டிருக்கணும்னுதான் விதி."

"நீங்களே எழுதிக் கொடுங்க மேடம். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். திங்கட்கிழமை மனு கொடுத்தேன். பொருள், பார்வை, விதி, வேண்டுதல் எல்லாம் உரிய வரிசையில். மனு எந்தப் படிகளில் ஏறி எந்தப் படிகளில் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். கடைசிப் படியில், விளக்கம் கேட்டு, மனுதாரர் பெயரோடு உரிமையாளருக்கு ஒரு நகல் போகும். அதுவும் தெரியும். அந்தப் பெயர் எந்த வீட்டுப் பெயர் என்று அவர் பார்ப்பார் என்பதுதான் எந்த நடைமுறையிலும் எழுதப்படாதது.

நகல் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"நாளையிலேருந்து வர வேணாம்னுட்டாரு. திட்டெல்லாம் இல்ல. டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னாரு."

"நல்லதுதான். எம் பென்ஷன் இருக்கு. பேசாம வீட்ல இரு."

"ஒங்க பென்ஷன்ல எத்தன நாளைக்குப் பெரியம்மா உக்காந்து திங்கிறது?"

அடுத்த வாரம் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பனியன் கம்பெனி வேலை, கம்பெனியே ஹாஸ்டல் கொடுத்தது. எனக்குள்ளே ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன். மண்டபத்தில் மேளம் அடித்தால் அவள் உள்ளே இல்லை. நாற்காலியைச் சந்திலிருந்து எடுத்து வீட்டுக்குள் போட்டேன்.

போனில் பேசும்போது ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது மாடி, காற்று நன்றாக வரும், சாப்பாடு பரவாயில்லை, கூட இருக்கும் பெண்கள் அறந்தாங்கிப் பக்கம்.

"மாடிக்கு ஒரே படியா?"

"ரெண்டு படி இருக்கு பெரியம்மா."

"ரெண்டும் தொறந்திருக்கா?"



"பின்படி கேட்டைப் பூட்டியிருப்பாங்க. பொண்ணுங்க யார் கூடயாச்சும் ஓடிப் போயிருவாங்களாம்." பிறகு அவளே சிரித்தாள். "நீங்க இங்கயும் மனு எழுதிராதீங்க. இந்த வேலையாச்சும் நிக்கட்டும்."

அதன் பிறகுதான் கதவை அடிக்கும் சத்தம் மறுபடி வரத் தொடங்கியது. மேளம் இல்லாத நாட்களிலும் வந்தது. அவள் அம்மாவின் குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியம்மா என்று அது கூப்பிடத் தொடங்கியபோது, நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

கார்த்திகை முடியுமுன் சந்தில் கொத்தனார்கள் வந்து இறங்கினார்கள். பிள்ளையாருக்குக் கூட்டம் கூடிவிட்டதால், சாலை ஓரத்திலேயே தனிக் கோயில் கட்டுகிறார்களாம். கும்பிட வருகிறவர்கள் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இடைஞ்சலாம். குருக்கள் நாள் பார்த்துப் பாலாலயம் செய்து சாமியை நகர்த்தினார். சாமிக்கும் நடைமுறை உண்டு. அது ஒரே காலையில் முடிந்தது. பீடத்தை உடைத்தார்கள். கதவைக் கழற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினார்கள்.

ஒரு மதியம் மண்டபத்தில் யாருமில்லாதபோது அந்த வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வெறும் கூடம், அதற்கப்பால் முன்வாசல், அதற்கப்பால் சாலையில் போகும் பஸ். பீடம் இருந்த இடத்தில் புது சிமெண்ட் பூச்சு இன்னும் காயவில்லை.

பதில் சுருக்கமாக வந்தது. ஆய்வின்போது மேற்படி கதவு திறந்த நிலையில் காணப்பட்டது. வழியில் தடை ஏதுமில்லை. எனவே மனுவின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. பிழையில்லாத தமிழ். அவளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். கேட்டுவிட்டு, "சரி பெரியம்மா, கேட்டைப் பூட்ட வந்துட்டாங்க, வச்சிடுறேன்" என்றாள்.

பதில் கைக்கு வந்த தேதியைத் தாளின் இடது ஓரத்தில் குறிப்பது என் பழைய பழக்கம். குறித்தேன். தைப்பூசத்துக்கு மறுநாள்.