முளைப்பயறும் வெந்நீரும்

லேபிலிருந்து போன் வந்தபோது அன்றைய முளைப்பயறு பாக்கெட்டுகள் வேப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தன.

"பயறு முளைக்கவச்ச தண்ணி சாம்பிள்ல சால்மொனெல்லா இருக்குது மேடம்."

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் கிருமி அது. கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. அந்தப் பாக்கெட்டுகள் போய்க்கொண்டிருந்ததோ, ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொடுக்கும் வளர்மதியின் மெஸ்ஸுக்கு.

விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மை வார்க்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் எங்கள் ஆர்கானிக் யூனிட். நான் அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். முதலாளி ரஹ்மத்துல்லா பாய் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஓட்டல் கிச்சன் வேலையை விட்டு வந்து இதைத் தொடங்கியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் உடனே போனை எடுத்தார்.

"யம்மா, இன்னிக்கி வர்ற பாக்கெட்ட பிரிக்காதீங்க. கிருமி இருக்குதாம். நானே வந்து எடுத்துக்கறேன்."

"நல்லா அலசிட்டா போவாதா பாய்?" என்றார் வளர்மதி.

நான் போனை வாங்கினேன். "போவாதுங்க. பயறு தோல்ல வெடிப்பு இருக்கும், அதுக்குள்ள பூந்துக்குது. முளை வுடுற ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோதுதான்."

"அப்ப இனிமே எனக்கு வேணாங்க." போனை வைத்துவிட்டார்.

அந்த லாட் முழுவதையும் அழித்தோம். விதை வியாபாரி குளோரினில் ஊறவைக்கச் சொன்னார். அவர் சொன்ன அளவில் போட்டால் எங்கள் ஆர்கானிக் சான்றிதழ் போய்விடும். வெந்நீர்தான் வழி என்று இறங்கினோம்.

அதுவும் லேசில் படியவில்லை. சூடு ஏறினால் பயறு செத்தது. குறைந்தால் கிருமி பிழைத்தது. ஒருமுறை இரண்டுமே நடந்தன. குழம்பிப்போய், வெந்நீரில் கிடந்த பயறு மூட்டையின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். வெளியே நல்ல சூடு, உள்ளே வெதுவெதுப்பு.

பாய் எட்டிப் பார்த்தார். "சட்டி நெறைய வடைய போட்டா எண்ணெ ஆறிப்போவும்ல? அதேதான் மேடம். கொஞ்சம் கொஞ்சமா போடுவோம்."

மூட்டையை விட்டுவிட்டு ஸ்டீல் வலைக்கூடைக்கு மாறினோம். உடைந்த பயறைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காய்ந்த பயறைக் கொஞ்சமாகப் போட்டு, வெந்நீரில் கிளறிக்கொண்டே சூடு காட்டி, உடனே சுத்தமான குளிர்ந்த நீருக்கு மாற்றினோம். முளையும் வந்தது, லேபும் 'இல்லை' என்றது. அன்று பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். லேப் ரிப்போர்ட் வராமல் எந்த லாட்டும் வெளியே போகக்கூடாது என்றும் முடிவானது.

சில வாரம் கழித்து வளர்மதி நேரிலேயே வந்தார். கூடை, தொட்டி, ரிப்போர்ட் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உங்க வூட்டுல மாசமா இருக்குற பொண்ணுக்கு இத பச்சையா குடுப்பீங்களாக்கா?"

பாய் என்னையே பார்த்தார். ஆர்டர் திரும்பக் கிடைப்பது என் பதிலில் இருந்தது.

"மாட்டேங்க. வெந்நி கிருமிய கொறைக்கும், அடியோட இல்லாம ஆக்கிடும்னு சொல்ல முடியாது. எம் மருமவ மாசமாத்தான் இருக்கா. அவளுக்கு வேகவச்சுதான் குடுக்கறேன்."

வளர்மதி கையிலிருந்த ரிப்போர்ட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நானும் வேகவச்சே குடுக்கறேன். திங்கக்கெழமலேர்ந்து அனுப்புங்க" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் முறை எதுவரை காப்பாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை வாங்குகிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.