வெள்ளைப் பொடி

சூலூர் மிட்டாய் கம்பெனி ஒன்றில், மிட்டாயைப் பளீரென்று வெளுப்பாக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைப் பாகில் கலப்பது அன்புச்செல்வியின் வேலை. உடைந்த மிட்டாய்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மகள் இனியா ஆசையாகத் தின்பாள்.

ஒருநாள் இனியாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. குடலில் புண் என்றார் டாக்டர்.

"மிட்டாய்ல நாங்க கலக்கற அந்த டைட்டானியம் பொடியாலீங்களா?" என்றாள் அன்புச்செல்வி.

"அதோட நுண்துகள் குடல் செல்களைக் கெடுக்கறதை லேப்ல பாத்திருக்காங்க. ஆனா, இவளுக்கு அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா."

"அதனால இல்லைன்னாவது சொல்லிப்போடுங்க!"

"அதையும் சொல்ல முடியாதும்மா."

மறுநாள் பொடி மூட்டையைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. வேறு வேலை கேட்டாள். இல்லை என்றதும் வேலையை விட்டு வெளியேறிவிட்டாள்.

வீட்டில் இனியா கழிப்பறைக்குள் அழுதாள்.

"இன்னிக்கும் ரத்தம் வருதும்மா."

அன்புச்செல்வி கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கறன் கண்ணு."