சுடாமலே தேய்ந்த ரிவால்வர்

துப்பாக்கி ரிப்பேர் ஆபத்தான தொழில்தான். அந்த ஆபத்தெல்லாம் துப்பாக்கியின் சொந்தக்காரர்கள் ரூபத்தில் வரும். மிக்சி, மோட்டார், செல்போன் என்று எதைப் பழுதுபார்க்கிறவராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். "நான் ஒண்ணுமே பண்ணல சார், தானா ஆயிடுச்சு" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அம்பத்தூரில் லைசென்ஸ் வைத்து நான் நடத்தும் பட்டறையில் அந்த வசனத்தைக் கேட்காத வாரமே கிடையாது.

மணிக்கட்டு வீரர்

பாரிவாக்கத்தில் மனை வாங்கி விற்கிறவர் ஒருவர், ரிவால்வரின் சிலிண்டர் ஆடுகிறது என்று கொண்டுவந்தார். தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளினேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. அதைத் தாங்கும் இரும்புக் கை வளைந்திருந்தது. எப்படி மூடுவீர்கள் என்று கேட்டேன். சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி டக்கென்று மூடிக் காட்டினார். வளைவை நிமிர்த்தி, மெல்லிய வாஷர் ஒன்றைப் போட்டு, இனிமேல் இரண்டு கையாலும் மெதுவாக மூடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அட போங்க சார், நாலு பேர் முன்னாடி இப்டி ஒரு தபா மூடுறதுக்குத்தானே லைசென்ஸே வாங்குனேன்."

ஐம்பது மணி

சேக்காடு ஆரோக்கியசாமி முன்னாள் ராணுவக்காரர். பூந்தமல்லியில் ஒரு நகைக்கடையில் சொந்த ரிவால்வரோடு காவலுக்கு நிற்கிறார். துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று மெக்கானிக் கடிதம் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

பதினோரு வருஷத்தில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை என்றார். ஆனால் விசையை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், சிலிண்டர் பக்கவாட்டில் ஆடியது. ஒவ்வொரு தோட்டா அறையையும் குழலுக்கு நேராக நிறுத்திப் பிடிக்கும் சின்ன இரும்புப் பல் தேய்ந்துபோயிருந்தது. சுடாத துப்பாக்கி எப்படித் தேயும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லாதான் போட்டு உடைத்தார்.

"டெய்லி சாயங்காலம் தோட்டாவக் கயட்டி வச்சிட்டு ஜெபமாலை சொல்லுவாரு. மணிக்குப் பதிலா இதத்தான் டிக்கு டிக்குனு இழுத்து எண்ணிகினு கீறாரு. அம்பது தபா."

கடிதம்

நான் சுடவா போகிறேன், சும்மா எழுதிக் கொடுங்கள் என்றார் ஆரோக்கியசாமி. சுட நேர்ந்தால் தோட்டா குழலுக்குள் நேராகப் போகாமல் ஓரத்தில் உரசும். ஈயத்துணுக்கு அவர் முகத்திலேயே தெறிக்கும். வேலை போய்விடுமோ என்று நிற்கிற மனுஷனிடம் முடியாது என்று சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

ரிவால்வரை விட்டுப் போகச் சொன்னேன். கொஞ்சம் பெரிய பல்லாக ஒன்றை எடுத்து, சிலிண்டரில் அது விழுந்து தேய்ந்த பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும்வரை இரண்டு நாள் அரத்தால் ராவினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்தார். அவர் கண்ணெதிரே அளவுக்கம்பியைக் குழல் வழியாக விட்டேன். ஆறு அறையிலும் தட்டாமல் போய் வந்தது. "நல்ல நிலையில் உள்ளது, நேராகச் சுடும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை தப்பித்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்தவர், ரிவால்வரை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத்தினி வருசமா இத ஜெபமாலையாத்தான் பாத்துகினு இருந்தேன் அண்ணாத்தே. நேரா சுடும்னு நீ எயுதிக் குடுத்தப்புறம் தொடவே பயமா கீது."

என் கையில் சரியாகிப் போன துப்பாக்கிகளிலேயே, பயந்துகொண்டு வாங்கிப்போன அந்த ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலையே இல்லை.