பதிவேட்டில் ஆன்டனியின் பெயர்

அந்தத் தவறைச் செய்தது ஆன்டனி அல்ல. நான்.

உங்களிடம் சொல்லும் இதை, சொல்ல வேண்டிய இடத்தில் இன்றுவரை சொல்லவில்லை.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். பெரிய கட்டடத்தில் கணினிகளை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஆய்வகத்தில் இன்னொன்று. சில நொடிகளுக்கு ஒருமுறை இரண்டும் ‘இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். செய்தி நின்றால் அலாரம் அடிக்கும். அன்று காலையிலிருந்தே அது அடிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. கேபிளைச் சோதிக்கச் சோம்பல். செய்திகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வேலை முடியும்வரை தொல்லை வேண்டாமென்று அலாரத்தையும் நிறுத்திவைத்தேன். இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் இணைப்பே அறுந்துவிடும். மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு பக்கம் மாற்றினேன்...

உப்பளம் பகுதியில் இருக்கும் மகளின் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். மயங்கி விழுந்துவிட்டாளாம்.

இரண்டு மணி ஷிப்டுக்கு முன்னதாகவே வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான் ஆன்டனி, என் இளைய சகா.

“நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன். ஒரு மணிலேர்ந்தே நான் இருக்கறதா ரிஜிஸ்டர்ல எழுதிடறேன். சீக்கிரம் போய்ட்டீங்கன்னு எவனும் கேக்கமாட்டான்.”

மகள் காலையில் சாப்பிடாமல் போயிருந்தாள். அவ்வளவுதான்.

இங்கே நாற்பது நிமிடம் ஆய்வக முடிவு எதுவும் அறுவை அரங்குக்கு வந்து சேரவில்லை. அலாரம் ஊமையாகக் கிடந்ததால் எங்கே தேடுவதென்றே ஆன்டனிக்குத் தெரியவில்லை.

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். மாற்றிய நேரத்தைக் கணினி காட்டும்; யார் மாற்றியது என்று சொல்லாது. அந்த நேரத்தில் வேலையில் இருந்தது யார் என்று பதிவேடு சொன்னது.

“நான் எதையும் தொடல சார்” என்றான் விசாரணையில். பாதியில் விட்டுப்போனவள் நான்தான் என்று ஊகித்திருப்பான். என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தானோ...

மகளின் படிப்பை நினைத்தேன். அவன் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்ததே, அது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் போன் செய்தான். “அக்கா, அரியாங்குப்பத்துல ஒரு கம்பெனில கூப்ட்ருக்காங்க. உங்க நம்பரத்தான் குடுத்துருக்கேன். தம்பியப் பத்தி நல்லதா நாலு பிட்டு போடுங்க.” சிரித்தான்.

மறுநாள் அந்தக் கம்பெனி அதிகாரி அழைத்தார். திறமைசாலி என்றேன். நேர்மையானவன் என்றேன்.

“அப்புறம் ஏம்மா வேலைய வுட்டு அனுப்பினாங்க?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னை வேலையிலிருந்து நீக்க அவரால் முடியாது...

“ஒரு தப்பு நடந்துபோச்சுங்க” என்றேன்.

யாருடைய தவறு என்று அவர் கேட்கவில்லை.

நேற்று ஆன்டனி மீண்டும் அழைத்தான். “கெடைக்கலக்கா. பரவால்ல, நீங்க நல்லாத்தான் சொன்னீங்களாம். தேங்க்ஸ்க்கா.”

“சரிடா” என்றேன். இவ்வளவையும் உங்களுக்கு எழுத முடிந்த எனக்கு, அவனிடம் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.