செத்தவீட்டில் வந்த கொட்டாவி

முரசுமோட்டையில் வயல் செய்யும் விமலேஸ்வரி, செத்தவீடுகளில் பதிகம் பாடுவார். மூன்றாம் பாட்டில் கட்டாயம் கொட்டாவி வந்துவிடும். ஒருநாள் செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "அக்கா, நித்திரையெண்டால் போய்ப் படுங்கோ" என்றார். விமலேஸ்வரி கூசிப்போனார். அவர் ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

கிளினிக்கில் பிறஷர் பார்த்த தாதியிடம் இதைச் சொன்னார். தாதி பாடிக்காட்டச் சொன்னார். செத்தவீட்டுப் பாட்டைக் கேட்டு வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள்.

"இது நித்திரையில்லை அக்கா. தோளைத் தூக்கி மேலால மூச்செடுக்கிறியள், தாடையும் இறுகிக் கிடக்குது. வயிறு உப்ப ஆறுதலா இழுங்கோ."

ஒரு மாதம் வயல் வரம்பில் நின்று பழகினார். அடுத்த செத்தவீட்டில் எட்டுப் பாட்டுக்கு ஒரு கொட்டாவிதான் வந்தது. அதையும் தாடையைத் தளர்த்தி விழுங்கினார். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து, பக்கத்திலிருந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.